எப்போது வருவார்கள்? எப்படி வரவேண்டும்? இரண்டு தொற்றுகளுக்குப் பிந்தைய சுற்றுலா ஆய்வுகள்

2003 பிப்ரவரி 21 அன்று, சீனாவின் குவாங்தோங் மாகாணத்திலிருந்து வந்த ஒரு மருத்துவர் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில், ஒன்பதாம் தளத்தில் அறை எடுத்தார். மறுநாளே மருத்துவமனையில் சேர்ந்தார். அதே தளத்தில் தங்கியிருந்த மற்ற விருந்தினர்கள் வழியாக ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் டொரன்டோவுக்கும் நோய் போய்ச் சேர்ந்தது. சார்ஸ் என்று பெயர் பெற்ற அந்தத் தொற்று 8,098 பேரைப் பிடித்து 774 பேரின் உயிரைக் குடித்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்த அரசு ஹோட்டல்களை எடுத்துக்கொண்டது. அங்கே காவலுக்கு நின்றவர்களுக்குத் தொற்றிய கொரோனா நகருக்குள் பரவி, விக்டோரியா மாநிலத்தின் இரண்டாம் அலைக்கு வழிவகுத்தது.

இரண்டு முறையும் நோய் ஊருக்குள் நுழைந்த வாசல் ஹோட்டல்தான். ஆனால் இவற்றைப் பற்றி எழுதியவர்கள் கேட்ட கேள்விகள் வேறு வேறு. மெட்ரோபோலுக்குப் பின் விருந்தோம்பல் துறை கேட்டது, 'சுகாதாரத்தைக் காட்டி விருந்தினரின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது எப்படி?' என்று. மெல்போர்ன் பற்றிய நீதி விசாரணையோ, காவலாளிகள் யார், யாருக்குக் கீழ் யார் ஒப்பந்தம் எடுத்தார்கள், நிலையற்ற வேலையில் இருக்கும் ஒருவரிடம் இவ்வளவு ஆபத்தான பணியைக் கொடுத்தது சரியா என்று தோண்டியது.

கொரோனாவுக்குப் பின் சுற்றுலா, விருந்தோம்பல் ஆய்வுகள் அடியோடு மாறிவிட்டன என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. எதோடு ஒப்பிட்டு மாறிவிட்டன? 2019இன் சாதாரண ஆய்வோடு ஒப்பிடுவதைவிட, முந்தைய ஒரு தொற்றுக்குப் பின் எழுந்த ஆய்வோடு ஒப்பிடுவதே நியாயம். அப்போதுதான் எது தொற்றின் விளைவு, எது காலத்தின் விளைவு என்று பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே சார்ஸுக்குப் பின் வந்த ஆய்வுகளையும் கொரோனாவுக்குப் பின் வந்தவற்றையும், ஹாங்காங்கை நடுவில் வைத்து, பக்கம் பக்கமாகப் பார்ப்போம். மாற்றம் உண்மைதான். ஆனால் அதைக் கொண்டுவந்தது கிருமி மட்டுமில்லை. சார்ஸிலிருந்து மீண்ட விதமும் அதில் ஒரு காரணம் என்பதே இந்த ஒப்பீட்டில் தெரியவரும் முடிவு.

அளவும் காலமும்

முதல் வேறுபாடு எண்களில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு உலகின் பன்னாட்டுப் பயணிகள் எண்ணிக்கை 70 கோடிக்குச் சற்றுக் குறைவு. முந்தைய ஆண்டைவிடச் சரிவு இரண்டு விழுக்காட்டைத் தொடவில்லை. 2019இல் அது சுமார் 146 கோடி. 2020இல் ஏறத்தாழ 40 கோடிக்கு விழுந்தது. ஒன்றில் துறையின் ஒரு மூலை நனைந்தது; மற்றொன்றில் முழுத் துறையும் மூழ்கியது.

ஹாங்காங்கை மட்டும் எடுத்தாலும் அதே கதைதான். 2002இல் 1.66 கோடிப் பேர் வந்த ஊருக்கு, சார்ஸ் தாக்கிய 2003இல்கூட 1.55 கோடிப் பேர் வந்தார்கள். உலக சுகாதார அமைப்பு ஏப்ரல் 2 அன்று விடுத்த பயண எச்சரிக்கை மே 23 அன்று விலக்கப்பட்டது. அந்த வாரங்களில் ஹோட்டல்கள் காலியாகக் கிடந்தன. ஆண்டு முடிவதற்குள் நிரம்பிவிட்டன. கொரோனாவில் 2019இன் 5.59 கோடி, 2021இல் வெறும் 91 ஆயிரமாகச் சுருங்கியது. எல்லைகள் முழுதாகத் திறக்க 2023 தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆய்வின் போக்கைத் தீர்மானித்ததில் இந்தக் கால அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதி, மதிப்பீட்டாளர்களுக்குப் போய், திருத்தி வெளியாக ஓராண்டாவது பிடிக்கும். சார்ஸ் பற்றிய கட்டுரைகளில் பல அச்சேறியபோது நோய் முடிந்திருந்தது, பயணிகள் திரும்பியிருந்தார்கள். முடிந்துபோன ஒன்றிலிருந்து பாடம் எடுக்கும் தொனி அவற்றுக்கு இயல்பாக வந்தது. கொரோனாக் கட்டுரைகள் முடிவு தெரியாத நடுவழியில் எழுதப்பட்டவை. முடிவு தெரியாதபோது பழைய நிலைக்குத் திரும்புவோம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திரும்பத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே எழும்.

கேட்ட கேள்வி

சார்ஸ் கால ஆய்வுகளுக்கு ஒரு வரைபடம் தயாராக இருந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் பில் ஃபோக்னர் 2001இல் 'டூரிசம் மேனேஜ்மென்ட்' ஆய்விதழில் வெளியிட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டகம் அது. நிகழ்வுக்கு முன், அறிகுறி, அவசரநிலை, இடைநிலை, நீண்டகால மீட்பு, தீர்வு என்று பேரிடரை ஆறு கட்டங்களாக அது பிரித்தது. கிரேஸ் சியென், ராப் லா இருவரும் 2003இல் ஹாங்காங் ஹோட்டல்களைப் பற்றி எழுதினார்கள். பைனும் மெக்கர்ச்சரும் 2004இல் ஹாங்காங் சுற்றுலாத் தொழிலைப் பற்றியும், ஹென்டர்சன், இங் இருவரும் அதே ஆண்டில் சிங்கப்பூர் ஹோட்டல்களைப் பற்றியும், கிம்மும் உடனாய்வாளர்களும் 2005இல் கொரிய ஹோட்டல்களைப் பற்றியும் எழுதினார்கள். இடம் மாறினாலும் அக்கறை மாறவில்லை: இழப்பு எவ்வளவு, நிர்வாகம் என்ன செய்தது, அடுத்த முறைக்கு என்ன திட்டம் கையில் இருக்கவேண்டும்.

கொரோனா தொடங்கிய சில வாரங்களில், 2020 ஏப்ரலில், ஸ்டெஃபான் கோஸ்லிங், டேனியல் ஸ்காட், மைக்கேல் ஹால் மூவரும் வெளியிட்ட விரைவு மதிப்பீடு வேறு திசையில் போனது. முந்தைய தொற்றுகளோடு ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. ஆண்டுதோறும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் வளர்ச்சி முறையே இந்த ஆபத்தின் ஒரு பகுதி என்று வாதிட்டார்கள். ஃப்ரேயா ஹிக்கின்ஸ்-டெஸ்பியோல் இன்னும் ஒரு படி போய், சுற்றுலா முதலில் அந்தந்த ஊர்மக்களுக்குப் பொறுப்புச் சொல்லவேண்டும் என்றார். 'டூரிசம் ஜியோகிராஃபீஸ்' இதழ் இந்தப் போக்கிலேயே 2020இல் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது.

இதற்கு எதிர்க்குரலும் அப்போதே எழுந்தது. சுற்றுலாவைச் சுருக்கச் சொல்பவர்கள் அதை நம்பி வாழ்பவர்களின் கூலியை மறந்துவிடுகிறார்கள் என்று ஜிம் புட்சர் வாதிட்டார். ஹால், ஸ்காட், கோஸ்லிங் மூவருமே அதே ஆண்டில் எழுதிய மற்றொரு கட்டுரையில், நெருக்கடி வந்தால் நல்ல மாற்றம் தானாக வரும் என்று நம்பிவிடக் கூடாது என எச்சரித்தார்கள். இப்படியொரு கருத்துச் சண்டை சார்ஸ் இலக்கியத்தில் இல்லை. மீட்சி நல்லது என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

யார் நாற்காலியிலிருந்து

சம்பளமில்லா விடுப்பு என்ற ஒரே செய்தி இரண்டு தொகுதிகளிலும் எப்படி வருகிறது என்று பார்த்தால் போதும். சார்ஸ் கட்டுரைகளில் அது செலவைக் குறைக்கும் வழிகளின் பட்டியலில் ஒன்று. மின்சாரம், கொள்முதல் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. அந்த விடுப்பில் வீட்டுக்குப் போனவர் வாடகையை எப்படிக் கட்டினார் என்பது ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை. எழுதியவர்கள் இரக்கமற்றவர்கள் என்பதில்லை. ஹோட்டல் நிர்வாகத்துக்கு உதவுவதே தங்கள் வேலை என்று துறை தன்னை வரையறுத்துக்கொண்டிருந்தது.

2020 ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில் அமெரிக்காவில் பொழுதுபோக்கு, விருந்தோம்பல் துறையில் 77 லட்சம் வேலைகள் போயின. இருந்த வேலைகளில் கிட்டத்தட்டப் பாதி. உலகெங்கும் பயண, சுற்றுலாத் துறையில் அந்த ஆண்டில் 6.2 கோடி வேலைகள் போயின என்று உலகப் பயண, சுற்றுலாக் கவுன்சில் கணக்கிட்டது. இதைப் பட்டியலின் ஒரு வரியாகக் கடந்துபோக முடியாது. டாம் பாமும் ஷெலாக் மூனியும் மற்ற இருவரும் சேர்ந்து அதே ஆண்டில் எழுதிய கட்டுரை, விருந்தோம்பல் தொழிலாளருக்கு வந்திருப்பது புதிய நெருக்கடியா, ஏற்கனவே இருந்த நிலையின் பெருக்கமா என்று கேட்டது. பெருக்கமே என்பதுதான் அவர்கள் பக்கம் சாய்ந்த பதில். குறைந்த கூலி, உறுதியற்ற வேலைநேரம், புலம்பெயர்ந்தோரையும் பெண்களையும் மாணவர்களையும் சார்ந்த தொழிலாளர் படை எல்லாம் முன்பே இருந்தவை. தொற்று அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பார்வை மாற்றம் ஹோட்டல் அறையின் சின்ன விஷயம்வரை இறங்கியது. தொற்றுக் காலத்தில் பல அமெரிக்க ஹோட்டல்கள், விருந்தினர் கேட்டால் ஒழிய அறையைத் தினமும் சுத்தம் செய்வதில்லை என்று முடிவெடுத்தன. பாதுகாப்பு காரணம் என்று சொல்லப்பட்டது. தொற்று தணிந்த பிறகும் பழக்கம் நீடித்தது. சார்ஸ் காலக் கண்ணோட்டத்தில் இது விருந்தினரின் திருப்தி பற்றிய ஆய்வாகியிருக்கும். இப்போது அது வேலைப்பளு பற்றிய ஆய்வாகவும் ஆயிற்று. தினம் சுத்தம் செய்யாத அறை மூன்றாம் நாள் இருமடங்கு அழுக்கோடு காத்திருக்கும், ஆட்களும் குறைவு. லாஸ் வேகஸில் சமையல், ஹோட்டல் தொழிலாளர் சங்கம் 2023 நவம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தினசரி அறைச் சுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

இயந்திர ஊழியர்கள் பற்றிய ஆய்விலும் திருப்பம் தெரிகிறது. ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் 2015இல் தொடங்கிய ஹென்னா ஹோட்டல் ரோபோக்களை வேடிக்கைப் பொருளாக முன்வைத்தது. அவற்றில் பாதிக்கு மேல் உதவாது என்று 2019 தொடக்கத்தில் ஓய்வு கொடுத்தது. 2021இல் கிம்மும் உடனாய்வாளர்களும் நடத்திய சோதனைகள், நோய் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும்போது விருந்தினர் மனிதரைவிட ரோபோவை விரும்புகிறார்கள் என்று காட்டின. இன்னொருவரின் முகம் ஆபத்தாகத் தெரிந்த நாள்களில் பிறந்த விருப்பம் அது. அந்தப் பயம் போன பிறகும் ரோபோ ஆய்வு நிற்கவில்லை; ஆள் கிடைக்காத குறையை நிரப்பும் வழியாக அது தொடர்கிறது. தொழிலாளர் ஏன் திரும்பிவரவில்லை என்ற கேள்வியும், அவருக்குப் பதில் எதை வைப்பது என்ற கேள்வியும் ஒரே ஆய்விதழில் அடுத்தடுத்து வெளியாவது இன்றைய நிலை.

எண்ணும் முறை

ஆய்வுமுறையில் மாற்றம் குறைவு. இருந்தும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. வரும் ஆண்டுகளில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்கும் பொருளியல் மாதிரிகளில் சார்ஸை ஒரு தனிக் குறியாக வைத்தார்கள். நோய் இருந்த காலாண்டுக்கு ஒன்று, மற்றவற்றுக்குச் சுழியம். இப்படிக் குறித்தால் அந்தச் சரிவு தனியே ஒதுங்கிவிடும். நீண்டகாலப் போக்கின் கோடு குலையாமல் மேலே போகும். நோய் என்பது வழக்கத்தின் இடையே வந்துபோன விலக்கு என்ற நம்பிக்கை அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது.

கொரோனா அந்தக் கோட்டை உடைத்தது. 'அனல்ஸ் ஆஃப் டூரிசம் ரிசர்ச்' இதழ் சார்பில் ஆசிய-பசிபிக், ஐரோப்பிய, ஆப்பிரிக்க அணிகள் மூன்று கணித்துப் பார்த்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டன. ஒரே எண்ணைச் சொல்லாமல், நிலைமை லேசானால் இவ்வளவு, நடுத்தரமானால் இவ்வளவு, கடுமையானால் இவ்வளவு என்று வெவ்வேறு காட்சிகளாகச் சொன்னார்கள். மாதிரி விடை தராத இடத்தில் நிபுணர் கருத்தைச் சேர்த்தார்கள். கணிப்புக் கலை தன் எல்லையை ஒப்புக்கொண்ட தருணம் அது.

மற்றபடி பழைய பழக்கமே பெரும்பான்மை. இணைய வினாப்பட்டியலை அனுப்பி, ஆபத்தை எவ்வளவு உணர்கிறீர்கள், அடுத்த ஆறு மாதத்தில் பயணம் போகும் எண்ணம் உண்டா என்று கேட்டு, புள்ளியியல் மென்பொருளில் போட்டு உறவுகளை நிறுவும் கட்டுரைகள் இரண்டு காலத்திலும் உண்டு; கொரோனாவில் அவை வெள்ளமாக வந்தன. வீட்டில் அடைபட்டிருந்த ஆய்வாளருக்கும் எளிதில் கிடைத்தது அதுதான். வெளிப்படையான தொடர்புகளை மறுபடி மறுபடி நிறுவுவதில் பயனில்லை என்று செபாஸ்டியன் சென்கர், ஃப்ளோரியன் கோக் இருவரும் 2020இலேயே சொன்னார்கள். எண்ணம் வேறு, நடத்தை வேறு என்பதைப் பிறகு முண்டியடித்துப் பயணம் போன கூட்டமே காட்டியது.

ஊரும் பூமியும்

2003 ஏப்ரலில், ஹாங்காங் சார்ஸில் தத்தளித்த அதே நாள்களில், துனீசியாவின் ஜெர்பா தீவில் காலநிலை மாற்றமும் சுற்றுலாவும் பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு நடந்தது. சார்ஸ் கட்டுரைகளும் ஜெர்பாவில் பேசப்பட்டவையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நோயைக் கையாள்பவர் ஒருவர், காலநிலையைக் கவனிப்பவர் வேறொருவர் என்று துறை பிரிந்து கிடந்தது.

2020க்குள் நிலைமை மாறியிருந்தது. உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் எட்டு விழுக்காடு சுற்றுலாவின் பங்கு என்று லென்சனும் மற்றவர்களும் 2018இல் கணக்கிட்டிருந்தார்கள். வெனிஸ், பார்சிலோனா, டுப்ரோவ்னிக் ஆகிய நகரங்களில் கூட்டம் தாங்காமல் ஊர்மக்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். மிகைச் சுற்றுலா என்பது 2016க்குப் பின் ஆய்விதழ்களில் பெருகிய சொல். ஆகவே கொரோனாக் கால ஆய்வாளர் எதிரே வைத்துப் பேச ஒரு குறைப்பட்டியல் தயாராக இருந்தது. கிருமி புதிது, புகார் பழையது.

ஹாங்காங்கின் கதை இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. சார்ஸிலிருந்து ஊரை மீட்க 2003 ஜூலை 28 அன்று சீனாவின் சில நகரங்களிலிருந்து தனிநபராக வர அனுமதி தரும் திட்டம் தொடங்கியது. அதுவரை அங்கிருந்து சுற்றுலாவுக்கு வருபவர் குழுவாகத்தான் வரவேண்டியிருந்தது. திட்டம் பலித்தது: 2004இல் 2.18 கோடிப் பேர் வந்து, அதுவரை இல்லாத உச்சம். மீட்பு ஆய்வின் அளவுகோலில் இது முழு வெற்றி. ஆனால் கதவு திறந்தே இருந்தது. 2018இல் எண்ணிக்கை 6.51 கோடியை எட்டியது; ஊரின் மக்கள்தொகையோ சுமார் 75 லட்சம். எல்லையோரக் கடைத்தெருக்களில் பால்பவுடர் முதல் மருந்துவரை அள்ளிக்கொண்டு போன வியாபாரிகளை எதிர்த்து 2012லும் 2015லும் போராட்டங்கள் நடந்தன. கடைசியில் 2015 ஏப்ரலில், எத்தனை முறையும் வரலாம் என்றிருந்த, எல்லையை ஒட்டிய ஷென்சென் நகரவாசிகளின் அனுமதி வாரம் ஒருமுறையாகக் குறைக்கப்பட்டது.

ஊரார் முதலில் பூரிப்பார்கள், பிறகு கண்டுகொள்ளமாட்டார்கள், பிறகு எரிச்சல்படுவார்கள், கடைசியில் எதிர்ப்பார்கள் என்று ஜார்ஜ் டாக்ஸி 1975இலேயே நான்கு படிகள் சொல்லியிருந்தார். சார்ஸ் ஆய்வாளர்கள் கையில் அந்தச் சட்டகமும் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்ட கேள்வியில் ஊரார் இல்லை. எப்போது வருவார்கள் என்ற கேள்விக்கு 2004 தந்த பதிலே, எப்படி வரவேண்டும் என்ற 2015இன் கேள்வியைப் பெற்றெடுத்தது. கொரோனாவுக்குப் பின் ஆய்வு மாறியதற்கு, கிருமியோடு சேர்த்து, இப்படிப்பட்ட வெற்றிகளின் விளைவையும் காரணமாகச் சொல்லவேண்டும்.

மாறியதும் மாறாததும்

ஆக, ஒப்பீட்டின் இறுதிக் கணக்கு கலவையானது. கேள்வி மாறியது. பார்க்கும் இடம் நிர்வாகியின் மேசையிலிருந்து தொழிலாளர், ஊரார், காலநிலை ஆகியவற்றின் பக்கம் விரிந்தது. முறை பெரும்பாலும் மாறவில்லை. அதைவிட முக்கியமாக, ஆய்வு மாறிய வேகத்தில் ஆட்சி மாறவில்லை.

இதற்கும் ஹாங்காங்கே சாட்சி. 2023இல் எல்லை திறந்ததும் ஐந்து லட்சம் இலவச விமானச்சீட்டுகளோடு அழைப்பு விடுத்தார்கள். 2024 டிசம்பர் 1 முதல் ஷென்சென் வாசிகள் மறுபடியும் எத்தனை முறையும் வரலாம் என்றானது. 2015இல் எதிர்ப்புக்குப் பணிந்து மூடிய வழியை, வெறிச்சோடிய கடைகளைப் பார்த்துத் திறந்தார்கள். புட்சரின் வாதத்துக்கு இங்கே எடை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வாடகை கட்டமுடியாத கடைக்காரருக்கு வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் உபதேசம் செய்ய முடியாது.

மற்ற இடங்களில் சில தயக்கமான முயற்சிகள் நடக்கின்றன. வெனிஸ் 2021இல் பெரிய கப்பல்களை நகர மையத்தை ஒட்டிய கால்வாயிலிருந்து விலக்கியது. 2024 ஏப்ரலில் பகல்நேரப் பயணிக்கு ஐந்து யூரோ நுழைவுக்கட்டணம் வைத்தது. பூட்டான் 2022இல் எல்லையைத் திறந்தபோது ஓர் இரவுக்கான கட்டணத்தை 65 டாலரிலிருந்து 200 டாலராக ஏற்றியது. ஓராண்டில் 100 டாலராக இறக்கியது. நமக்குப் பக்கத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கண்டறியும் ஆய்வு ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. தாங்குதிறன் என்ற பழைய ஆய்வுக் கருத்து, சோதனைச்சாவடியில் வண்டி எண்ணும் வேலையாக இறங்கியிருக்கிறது.

ஆனால் உலக அளவில் வெற்றியை அளக்கும் கோல் இன்னும் 2003இன் கோல்தான். 2024இல் 140 கோடிப் பேர் பயணம் செய்ததும், 2019இன் நிலையில் 99 விழுக்காடு மீண்டுவிட்டது என்று ஐ.நா. சுற்றுலா அமைப்பு அறிவித்தது. எந்த ஆண்டை இலக்காக வைத்து மீட்சியை அளக்கிறோமோ, அதே ஆண்டில்தான் நகரங்கள் கூட்டம் தாங்கவில்லை என்று முறையிட்டன. சுற்றுலாவின் வெளியேற்றப் பங்கு 8.8 விழுக்காட்டைத் தொட்டதும் அதே 2019இல்தான் என்று குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் யா-யென் சன்னும் குழுவினரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அந்த 2024இலேயே ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சுற்றுலாவின் நிலைத்தன்மையை அளக்க ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. வருகையோடும் வருவாயோடும் வேலை, தண்ணீர், ஆற்றல், கழிவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கெடுக்கும் முறை அது. ஆய்வாளர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு நாடுகள் இனி எண்ணில் பதில் சொல்ல முடியும், சொல்ல விரும்பினால். அடுத்த தொற்றோ புயலோ வரும்போது, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கோடு, வந்தவர்களுக்கு அறை துடைத்தவரின் கூலி திரும்பியதா என்ற கணக்கும் அதே அறிக்கையில் இருந்தால், கொரோனா சுற்றுலா ஆய்வை மாற்றியது என்று தயங்காமல் சொல்லலாம். அதுவரை, ஆய்வாளர்களின் கேள்வியை மாற்றியது என்பது மட்டுமே உறுதி.